வெள்ளிக்கிழமை மட்டும் கழன்ற பை

நான் ஓய்வு பெற்ற நாளில் வார்டின் பின்னறையில் கறி பஃப்பும் கேக்கும் வாங்கி வைத்திருந்தார்கள். நித்யா என்ற இளம் தாதி, "மணியம் அண்ணே, உங்க சர்வீஸ்ல மறக்கவே முடியாத கேஸ் ஒண்ணு சொல்லுங்க லா," என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். சொல்ல வாயெடுத்தேன். சுற்றிப் பார்த்தால் எல்லார் கையிலும் பாதி கடித்த பஃப். சாப்பிடும் இடத்தில் பேசக்கூடிய தொழிலா நான் செய்தது? "எழுதித் தர்றேன்மா" என்று தப்பித்துக்கொண்டேன். அவள் விடுவதாக இல்லை. போனில் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறாள். சரி, எழுதுகிறேன். கையில் தட்டு இருந்தால் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள்.

நான் ஸ்டோமா தாதி. குடல் அறுவைக்குப் பிறகு சிலருக்கு வயிற்றில் ஒரு வாய் திறந்து, மலம் அதன் வழியாக ஒரு பைக்குள் இறங்கும்படி செய்வார்கள். அந்த வாயையும் பையையும் அவற்றைச் சுமக்கிற மனிதரையும் கவனிப்பதுதான் என் வேலை. வீட்டில் இதை யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. அம்மா உறவினர்களிடம் "பையன் ஆஸ்பத்திரில வேலை பார்க்கிறான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அப்பா இங்கே சிங்கப்பூரில் ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். ஆண்பிள்ளை தாதி வேலைக்குப் போவதா என்று ஆரம்பத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பிறகு தன் முதுகுவலிக்கு என்னையே கூப்பிட ஆரம்பித்தார். பயிற்சி ஆண்டுகளைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. படுக்கை விரித்தேன், ரத்த அழுத்தம் பார்த்தேன், திட்டு வாங்கினேன். பல வார்டுகளில் அலைந்து, தலை நரைக்கத் தொடங்கிய வயதில்தான் சிஸ்டர் புனிதத்தின் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன்.

சிஸ்டர் புனிதம் எங்கள் ஸ்டோமா பிரிவின் தலைவி. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே எழுத்தர் வேலையில் அமர்ந்த குடும்பம். டாக்டர்களிடம் ஆங்கிலம், துப்புரவு அக்காக்களிடம் மலாய், தமிழ் என்றால் மட்டும் பாட்டன் ஊர்த் தமிழ். ஆமாம் என்பதற்கு "ஓம்" என்பார், "வடிவாப் பாருங்கோ" என்பார். அவர் வாயில் வடிவாக என்றால் நன்றாக, நிதானமாக என்று பொருள்.

அவர் நோயாளியைப் பார்க்கும் விதத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. நின்றுகொண்டு யார் வயிற்றையும் பார்க்க மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் கண்ணும் அந்த வயிறும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி உட்கார்வார். வெந்நீரில் கையைச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் தொடுவார். பையைக் கழற்றும்போது அறையில் என்ன வாசம் கிளம்பினாலும் அவர் மூக்கு அசையாது, பேச்சும் நிற்காது. "நேற்று என்ன சாப்பிட்டீங்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டே துடைப்பார். மூக்கைச் சுளித்த பயிற்சி மாணவி ஒருத்தியை வெளியே அழைத்துப்போய், "முகத்தை வெளியில வச்சிட்டு உள்ள வாங்கோ பிள்ளை," என்று சொன்னதை என் காதால் கேட்டேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. நோயாளி அன்றாடம் என்ன செய்கிறாரோ அதைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்வார். துவாஸில் கட்டுமான வேலை செய்த ஒரு தம்பிக்குக் குடல் அறுவைக்கு முன் ஸ்டோமா எங்கே வரவேண்டும் என்று வயிற்றில் குறி போட வேண்டியிருந்தது. படுக்க வைத்து, உட்கார வைத்து, நிற்க வைத்துப் பார்ப்பது எல்லாரும் செய்வது. சிஸ்டரோ அவன் உயரத்தில் வேலை செய்யும்போது மாட்டுகிற பாதுகாப்பு வாரை விடுதியிலிருந்து கொண்டுவரச் சொல்லி, கிளினிக்கிலேயே மாட்டிப் பார்த்தார். வழக்கமாகக் குறி போடும் இடத்தின் மேலேயே வார் பட்டை ஓடியது. குறியை வாருக்கு அப்பால் மாற்றினார். தம்பி பின்னால் வேலைக்குத் திரும்பினான். இதெல்லாம் பெரிய விஷயமா என்று நினைக்கலாம். அவனுக்கு அது பிழைப்பு.

இனி காதர் பாய்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் அத்தர்க்கடை வைத்திருந்தவர். அவர் தகப்பனார் காலத்துக் கடை. வீடு ஃபேரர் பார்க்கில், அடுக்குமாடியின் நாலாவது தளத்தில். வலது அடிவயிற்றில் வீங்கிச் சிவந்த ஒரு கட்டியோடு வந்தார். கீறிவிட்டதும் சீழ் வடிந்தது, காய்ச்சல் தணிந்தது. சில நாளில் அதே வாய் வழியாக மலம் வரத் தொடங்கியது. ஸ்கேனில் விஷயம் தெரிந்தது. பெருங்குடலில் புற்றுநோய். அது வளர்ந்து, வயிற்றுச் சுவரோடு ஒட்டி, தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. ஃபிஸ்டுலா என்று சொல்வோம். ஸ்டோமா என்பது டாக்டர் இடம் பார்த்து, விளிம்பு மடித்து, தைத்துக் கொடுத்த கதவு. ஃபிஸ்டுலா சுவர் இடிந்து விழுந்த ஓட்டை. அளவும் கிடையாது, ஒழுங்கும் கிடையாது.

அறுவை டாக்டர் லிம் சுற்றிவளைக்காமல் பேசுகிறவர். எங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாயிடமும் அவர் மனைவி சபூரா அக்காவிடமும் சொன்னார். நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். நோய் வேறெங்கும் பரவவில்லை, அது அதிர்ஷ்டம். குடல் துண்டு, கட்டி, அதோடு ஒட்டிய வயிற்றுச் சுவர் எல்லாவற்றையும் ஒரே பிண்டமாக வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் இப்போது இருக்கிற உடம்பு அதைத் தாங்காது. எடை ஏற வேண்டும், ஓட்டையைச் சுற்றியுள்ள தோல் ஆற வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் கட்டியை உள்ளேயே விட்டுவிட்டு மலத்துக்கு மாற்றுவழி மட்டும்தான் செய்ய முடியும். அப்படி விட்டால் என்ன ஆகும் என்று பாய் கேட்கவில்லை. அக்காதான் கேட்டார். டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

டாக்டர் போன பிறகு பாய் என்னிடம் கேட்டது வேறு. "தம்பி, ஜும்ஆவுக்குப் போகலாமா?"

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகையைத்தான் கேட்டார். தோளோடு தோள் உரச வரிசையில் நிற்க வேண்டும், பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிக்கக் கூடாது, பள்ளிவாசல் விரிப்பில் ஒரு சொட்டு விழுந்துவிடக் கூடாது. "என் கடை வாசலுக்கு வந்தாலே மணக்கும்பாங்க. இப்ப என்கிட்ட வந்தா..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். தொழலாமா என்ற மார்க்கக் கேள்விக்கு சிஸ்டர் பதில் சொல்லவில்லை. "அது எனக்குத் தெரியாத விஷயம், உங்கட ஹஜ்ரத்திட்டக் கேளுங்கோ," என்றார். பாய் தன் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் போனில் கேட்டார். இப்படி விடாமல் கசிகிறவர்கள் தொழுகை நேரம் வந்ததும் புதிதாக ஒளு செய்து, அதாவது கைகால் முகம் கழுவிச் சுத்தம் செய்துகொண்டு, தொழலாம். பள்ளி அசுத்தமாகாது என்ற உறுதி இருந்தால் வரலாம் என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார். ஆக, உறுதி கொடுக்க வேண்டியது நாங்கள்.

அந்தத் தோலைப் பார்த்தால் உறுதி எங்கிருந்து வரும்? வலப்பக்கக் குடலிலிருந்து வருவது தண்ணீராக, காரமாக இருக்கும். ஓட்டையைச் சுற்றித் தோல் வெந்து சிவந்திருந்தது. வெந்த தோலில் பை ஒட்டாது, ஒட்டாவிட்டால் கசியும், கசிந்தால் இன்னும் வேகும். சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினார், சோப்பு கிடையாது. ஒற்றி எடுத்தார், தேய்க்கவில்லை. நான் உறிஞ்சு குழாயை ஓட்டையின் வாயில் பிடித்துக்கொண்டு, வருவதை வர வர இழுத்துக்கொண்டிருந்தேன். ஈரப் புண்ணில் பொடி தூவி, அதிகப்படியை ஊதாமல் தட்டிவிட்டு, மேலே காப்புப் படலம் பூசினார். கண்ணாடித்தாளை வயிற்றில் வைத்து ஓட்டையின் கோணல்மாணலான உருவத்தை அப்படியே வரைந்து, பையின் ஒட்டுத்தகட்டை அதற்குச் சரியாக வெட்டினார். பள்ளமான இடங்களைப் பசையால் நிரப்பி மட்டம் செய்தார். தகட்டை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடாக்கி ஒட்டிய பிறகு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அத்தர் வியாபாரம் பற்றிக் கேட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உடம்புச் சூட்டில்தான் தகடு தோலோடு சேரும். ஆனால் அவர் கேட்டதெல்லாம் தகட்டுக்காக மட்டும் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஊது என்ற வாசனைச் சரக்கு எந்த மரத்திலிருந்து வருகிறது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

பை நின்றது. தோல் ஆறத் தொடங்கியது. வீட்டுக்கு அனுப்பினோம். வெள்ளிக்கிழமை பிற்பகல் அக்கா போன் செய்தார். பை கழன்றுவிட்டது.

வரச்சொல்லி மாற்றினோம். வியாழன் வரை கல்லு மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை மறுபடியும் போன். அடுத்த வாரமும் அதே கதை. பாய் குளித்து, வெள்ளை ஜிப்பா போட்டு, தொப்பி வைத்து, செருப்பு மாட்டப் போகும் நேரத்துக்குத் தகட்டின் ஓரம் மெல்லத் தூக்கிக்கொள்ளும். அவர் ஜிப்பாவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாராம்.

அதைவிட மோசமான ஒன்று நடந்துகொண்டிருந்தது. எடை ஏறவே இல்லை. அக்காவைத் தனியாகக் கேட்டேன். "புதன்கிழமை வந்தாலே சோத்தக் கொறச்சிடுறாங்க தம்பி. வியாழக்கிழமை கஞ்சியக்கூடத் தொட மாட்டேங்குறாங்க. உள்ள போனாத்தானே வெளிய வரும்கிறாங்க. நான் என்ன செய்யட்டும்?" என்று அழுதார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு தொழுகைக்காக மனிதர் தன் உயிரையே பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறார். டாக்டர் லிம் எடையைப் பார்த்துவிட்டு, இன்னும் சில வாரம் பார்ப்போம், அதற்கு மேல் கட்டி காத்திருக்காது என்றார்.

ஒளு செய்யும் தண்ணீர்தான் தகட்டைக் கிளப்புகிறது என்பது என் கணிப்பு. சிஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "தினமும் ஐஞ்சு வேளை ஒளு செய்யிறார் மணியம். வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் கழறுது? தண்ணிக்குக் கிழமை தெரியுமே? எண்ணெய் ஏதோ படுது." பாயிடம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறீர்களா என்று கேட்டோம். இல்லவே இல்லை என்றார். தைலம்? இல்லை. களிம்பு? நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு எப்படிப் போடுவேன் என்று கொஞ்சம் வருத்தப்பட்டார். பொய் சொல்கிற மனிதர் அல்ல.

"அப்ப போய்ப் பாப்பம்," என்றார் சிஸ்டர்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் ஃபேரர் பார்க் வீட்டுக்குப் போனோம். அக்கா தேநீர் கொடுத்தார். பாய் குளித்துவிட்டு இடுப்பில் கைலியோடு வந்தார். "நீங்கள் எப்பவும் செய்யிறதைச் செய்யுங்கோ. நாங்கள் இஞ்ச இல்லை எண்டு நினையுங்கோ," என்றார் சிஸ்டர். பாய் கூச்சத்தோடு அலமாரியைத் திறந்தார். சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்தார். மூடியோடு இருந்த கண்ணாடிக் குச்சியால் மணிக்கட்டில் தொட்டார், காதோரம் தடவினார், மார்பில் தடவினார். பிறகு மிக இயல்பாக, பையைச் சுற்றி வயிற்றிலும் ஒரு வட்டம் போட்டார்.

அறை முழுக்க மணம் நிறைந்தது. நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன பாய், சென்ட்டா?" என்று கேட்டேன்.

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. "சென்ட்டா? என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க! சென்ட்டுல ஸ்பிரிட்டு கலப்பான், இது அத்தர். ஒரு சொட்டு ஸ்பிரிட்டு கிடையாது. சுத்தமான எண்ணெ..."

அங்கேயே நின்றுவிட்டார். குச்சி கையில் அப்படியே இருந்தது. ஜும்ஆவுக்கு மணம் பூசிப் போவது அவருக்குச் சிறுவயதிலிருந்து வந்த வழக்கம். அதை எண்ணெய் என்ற கணக்கில் அவர் ஒருநாளும் வைத்ததில்லை. வைத்திருந்தால் எங்கள் கேள்விக்கு என்றோ பதில் சொல்லியிருப்பார். வயிற்றில் வாடை வரக்கூடாது என்று நோய் வந்த பிறகு அங்கேயும் பூச ஆரம்பித்திருக்கிறார். அது மெல்லப் பரவித் தகட்டுக்கு அடியில் இறங்கி, ஒட்டை விடுவித்திருக்கிறது.

வேறு யாராவது இருந்தால் அறிவுரை தொடங்கியிருக்கும். சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். "பாய், உங்கட சரக்கு அவ்வளவு நல்ல சரக்கு!" பாயும் சிரித்தார், அக்காவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தர் போடக் கூடாது என்று சிஸ்டர் சொல்லவே இல்லை. "உடம்பில வேண்டாம், உடுப்பில போடுங்கோ. ஜிப்பா கழுத்துப் பட்டியில, தொப்பியில. போட்ட கையைக் கழுவிட்டுத்தான் வயித்துப் பக்கம் கொண்டு போக வேணும்," என்றார். அவ்வளவுதான்.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பழைய பையைக் கழற்றித் தோலைச் சுத்தம் செய்த பிறகு, ஓட்டையின் மேல் துணி வைத்துக் கட்டிவிட்டு, "தொழ வேண்டாம், தொழுகையில எப்படிக் குனிவீங்களோ அப்படிக் குனிஞ்சு மட்டும் காட்டுங்கோ," என்றார். பாய் கை கட்டி நின்றார். முழங்காலைப் பிடித்துக் குனிந்தார். நெற்றியைத் தரையில் வைத்தார். அந்த வயதான சிஸ்டர் தானும் தரையில் கை ஊன்றி, தலையைச் சாய்த்து, அவர் வயிறு எங்கே மடிகிறது என்று அடியிலிருந்து பார்த்தார். படுத்தபோதும் உட்கார்ந்தபோதும் தெரியாத ஒரு மடிப்பு, நெற்றி தரையைத் தொடும்போது மட்டும் ஓட்டைக்குக் கீழே விழுந்தது. அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு ஏற்பத் தகட்டை வெட்டி, மடிப்பில் பசையை நீளமாக வைத்து, மெல்லிய இடுப்புப் பட்டையும் போட்டார். எத்தனையோ நிபுணர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். ஒரு மனிதர் தன் இறைவன் முன் எப்படிக் குனிவார் என்று பார்த்து அதற்கு ஏற்றபடி பை பொருத்தியவர் அவர் ஒருவர்தான். அவர் கிறிஸ்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "பையை நாங்கள் பாக்கிறம். சாப்பாட்டை நீங்கள் பாருங்கோ. சாப்பிடாமல் வந்தால் பை நல்லதா கெட்டதா எண்டு எனக்கு எப்படித் தெரியும்?" ஒட்டிய கையோடு அன்றைக்கே பள்ளிக்குப் போகப் பாய்க்குத் தைரியம் வரவில்லை. வீட்டிலேயே தொழுதார். ஆனால் அடுத்து வந்த புதன்கிழமை சாப்பிட்டார். வியாழக்கிழமை ராத்திரி மீன்கறியோடு சோறு சாப்பிட்டதாக அக்கா எனக்குப் போன் செய்து சொன்னார், ஏதோ பரீட்சை முடிவைச் சொல்வது போல.

மறு வெள்ளிக்கிழமை என் விடுப்பு நாள். பள்ளிவாசலுக்கு எதிர்ப் பக்கம் நடைபாதையில் ஒரு பையில் மாற்றுப் பையும் துணியும் வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை, வந்துவிட்டேன். உள்ளே பிரசங்கம் முடிந்து தொழுகை தொடங்கியது. பாய் எங்கே நிற்கிறாரோ, இப்போது குனிகிறாரோ, நெற்றியை வைக்கிறாரோ என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. ஆபீஸ் சட்டைகள், ஜிப்பாக்கள், வேலைக்குத் திரும்ப ஓடுகிறவர்கள். பாயைக் காணோம். கடைசியில் இரண்டு மூன்று பேர் சூழ, கையைக் குலுக்கிக்கொண்டு, விசாரிப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பல வாரமாகப் பார்க்காதவர்களை ஒரே நாளில் பார்த்த முகம். ஜிப்பாவில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

என்னைப் பார்த்ததும் சாலையைக் கடந்து வந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று காத்திருந்தேன்.

"தம்பி, பசிக்குது," என்றார்.

பக்கத்துக் கடையில் பிரியாணி சாப்பிட்டோம். இறைச்சியை நன்றாக மென்று சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். என் தட்டில் நான் கைவைக்கவே மறந்துவிட்டேன், அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எடை ஏறியது. தோல் ஆறியது. டாக்டர் லிம் ஒருநாள் பையைக் கழற்றச் சொல்லி வயிற்றைப் பார்த்து, தோலைக் கையால் தடவிப் பார்த்து, சிஸ்டரிடம் நன்றி சொல்லிவிட்டு அறுவைக்கு நாள் குறித்தார்.

அறுவை பகல் முழுக்க நடந்தது. முடிந்ததும் டாக்டரே எங்கள் அறைக்கு வந்து, எல்லாம் ஒரே பிண்டமாக வந்துவிட்டது, குடலை உள்ளேயே இணைத்துத் தைத்துவிட்டேன், ஸ்டோமா தேவைப்படவில்லை என்று சொன்னார். சிஸ்டர் அவரிடம் ஒரே ஒரு "தேங்க் யூ" சொன்னார். டாக்டர் போனதும் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

மறுநாள் நானும் அவரும் வார்டுக்குப் போனபோது பாய்க்கு நினைவு நன்றாகத் திரும்பியிருந்தது. எங்களைக் கண்டதும் அவர் கை தானாக வலது வயிற்றுக்குப் போனது. தடவித் தேடியது. முகம் மாறியது.

"பை எங்க சிஸ்டர்?"

"பை இல்லை."

அவர் நம்பவில்லை. சிஸ்டர் அவர் கையைப் பிடித்து, கட்டின் மேல் இங்கிருந்து அங்கு வரை மெல்ல நடத்திக் காட்டினார். ஒட்டுத்தகடு இல்லை, பட்டை இல்லை, ஓட்டை இல்லை. பாயின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. பிறகு ஏதோ திடீரென்று உறைத்தவர்போல எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப... இனிமே நீங்க வரமாட்டீங்களா?"

ஸ்டோமா தாதியிடம் நோயாளி கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

"ஓம் பாய், வரமாட்டம்," என்றார் சிஸ்டர் புனிதம். இவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் சொல்லி நான் கேட்டதே இல்லை.